பூ விலையை உறுப்பினர்களே பதிந்து சரிபார்க்கும் செயலி: பின்னணியில் எதைக் கட்டுவது, எதை விடுவது?

மல்லிக்கொடி (கேள்வி)

வணக்கம். உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்து மல்லி விவசாயிகள் சங்கத்துக்காக ஒரு செயலி கட்டும் வேலையில் இருக்கிறோம். மாட்டுத்தாவணியிலும் நிலக்கோட்டையிலும் காலையில் போகிற விலையை, சந்தையில் நிற்கிற உறுப்பினரே பதிய வேண்டும். மற்றவர்கள் சரி, தப்பு என்று சொல்ல வேண்டும். அது போக ஊர்வாரிக் குழு, குழுவுக்குள் பேச்சு, குரல் பதிவு, பூவின் படம். இப்போது எல்லாமே வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ஒரு குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஆறரை மணிக்குச் சொன்ன விலையை எட்டு மணிக்குத் தேடினால் கிடைப்பதும் இல்லை.

கணக்கு இது: உறுப்பினர் 3,000 வரை. காலை 4 முதல் 8 மணிக்குள் 1,500 பேர் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பார்கள். பதிவு நாளுக்கு 2,000. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மூன்று மடங்கு ஆகும் என்று வைத்திருக்கிறோம். வேலை பார்ப்பது இரண்டு பேர். சர்வருக்கு மாதம் 5,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

தெரிய வேண்டியவை: டிஸ்கோர்ஸ் (விவாத மன்ற மென்பொருள்), மாஸ்டடான் (சமூக வலைத்தள மென்பொருள்) போல ஆயத்தமாக இருப்பதை எடுத்து மாற்றுவதா, புதிதாகக் கட்டுவதா? காஃப்கா (செய்திகளை வரிசையில் வைத்துக் கடத்துவது), ரெடிஸ் (நினைவகத்திலேயே தரவை வைப்பது), மைக்ரோசர்வீஸ் (நிரலைச் சிறு சிறு சேவைகளாகப் பிரிப்பது) எல்லாம் தேவையா? பொய் விலையை எப்படிப் பிடிப்பது? தமிழில் தேடல் ஒழுங்காக வேலை செய்யுமா?


கூடல்நகர்

முதலில் உங்கள் எண்களையே வகுத்துப் பாருங்கள். 2,000 பதிவு நான்கு மணி நேரத்தில் வந்தால் ஏழு விநாடிக்கு ஒன்று. முகூர்த்த நாளில் இரண்டரை விநாடிக்கு ஒன்று. பதிவுக்குப் பத்து வாக்கு விழுந்தாலும் டேட்டாபேஸில் எழுத வேண்டியது சாதாரண நாளில் விநாடிக்கு ஒன்றரை வரி, முகூர்த்த நாளில் ஐந்துக்குள்தான். ஆண்டுக்கு 7,30,000 பதிவு. ஒன்று ஒரு கிலோபைட் என்றால் 730 எம்பி. இதற்குக் காஃப்கா வேண்டாம், ரெடிஸ் வேண்டாம், மைக்ரோசர்வீஸ் வேண்டாம். 2 கோர், 4 ஜிபி ராம் உள்ள ஒரு சர்வர், ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், ஒரே நிரல். படமும் குரலும் மட்டும் தனியாக ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில், அதாவது கோப்புகளுக்கான வாடகைச் சேமிப்பிடத்தில். இரண்டு பேர் பார்க்கிற வேலையில் கூடுதலாக ஓடுகிற ஒவ்வொரு சர்வீஸும், விடியற்காலை 4 மணிக்கு யாராவது எழுந்து பார்க்க வேண்டிய ஒன்று.

ஆயத்த மென்பொருள் பற்றி. டிஸ்கோர்ஸ் பேச்சுக்கு நல்லது. 1 ஜிபி ராமும் ஸ்வாப்பும் இருந்தால் எழுந்து நிற்கும். நம்பிக்கை நிலை 0 முதல் 4 வரை, புகார்க் கொடி, மாடரேஷன் வரிசை எல்லாம் உள்ளேயே வருகிறது. ஆனால் விலை என்பது பேச்சு அல்ல. சந்தை, பூ, தரம், நேரம், தொகை என்று கட்டம் கட்டமாக இருக்க வேண்டிய தரவு. அதை டிஸ்கோர்ஸுக்குள் பிளக்இன்னாக எழுதினால் ஒவ்வொரு பதிப்பு மேம்படுத்தலிலும் உடையும். மாஸ்டடானின் அடிப்படை வேறு: அது நம்பியிருக்கும் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை 2018 ஜனவரியில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையானது, அதன் நோக்கம் தனித்தனிச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவது. உங்களுக்கு இருப்பது ஒரே சங்கம், ஒரே சர்வர். அந்தச் சுமையைத் தூக்க வேண்டாம். விலைப் பகுதியை நீங்களே கட்டுங்கள். பேச்சுப் பகுதிக்கு டிஸ்கோர்ஸ் வேண்டும் என்றால், டிஸ்கோர்ஸ் கனெக்ட் வழியாக உங்கள் உள்நுழைவையே அதற்கும் கொடுக்கலாம். ஒரு குறை உண்டு: ஒருவரைத் தடை செய்தால் இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். அதை நிரலில் கட்டாயம் இணையுங்கள், இல்லாவிட்டால் ஓர் இடத்தில் மறந்து போகும்.

அறிவிப்புகளை அனுப்ப க்யூ (காத்திருப்பு வரிசை) தனியாக வேண்டாம். பதிவை எழுதும் அதே டிரான்சாக்‌ஷனில் 'அனுப்ப வேண்டியவை' என்று ஒரு டேபிளிலும் ஒரு வரி எழுதுங்கள். வொர்க்கர் (பின்னணியில் ஓடும் நிரல்) அதிலிருந்து, பூட்டிய வரியைத் தாண்டிப் போகும் 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட்' போட்டு எடுக்கட்டும். போஸ்ட்கிரஸ் 9.5 முதல் இது இருக்கிறது. இரண்டு வொர்க்கர் ஓடினாலும் ஒரே வரியை இருவரும் தூக்க மாட்டார்கள். பதிவு சேமிக்கப்பட்டது, அறிவிப்பு போகவில்லை என்ற நிலையும் வராது. இரண்டும் சேர்ந்தே நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. அனுப்பி முடித்து, 'அனுப்பியாயிற்று' என்று குறிப்பதற்குள் வொர்க்கர் விழுந்தால் அதே அறிவிப்பு இரண்டாம் முறை போகும். ஆகவே ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஓர் அடையாளம் வைத்து, இரட்டையைப் போனிலேயே கழித்துவிடுங்கள்.

உடனடிப் புதுப்பிப்புக்கு இருவழி இணைப்பான வெப்சாக்கெட் வேண்டாம், ஒருவழி இணைப்பான எஸ்எஸ்இ போதும். சர்வரிலிருந்து போனுக்குத்தான் செய்தி ஓட வேண்டும், போனிலிருந்து வருவது சாதாரண போஸ்ட் கோரிக்கை. இணைப்பு அறுந்தால் பிரவுசரே திரும்ப இணைந்து, கடைசியாக வாங்கிய நிகழ்வு எண்ணைச் சொல்லும். என்ஜின்எக்ஸ் என்ற முகப்புச் சர்வர் நிரலின் பின்னால் வைக்கும்போது மூன்று இடத்தில் மாட்டும். ஒன்று, பஃபரிங்கை நிறுத்தாவிட்டால் செய்தி தேங்கி மொத்தமாக வரும். இரண்டு, படிக்கும் காத்திருப்பு வரம்பு இயல்பாக 60 விநாடி, எனவே 25 விநாடிக்கு ஒரு வெற்றுக் கருத்து வரி அனுப்புங்கள். மூன்று, ஒவ்வொரு போனுக்கும் என்ஜின்எக்ஸ் இரண்டு இணைப்பு பிடிக்கும், போன் பக்கம் ஒன்று, உங்கள் நிரல் பக்கம் ஒன்று. 1,500 பேருக்கு 3,000. டெபியன் லினக்ஸ் பேக்கேஜில் ஒரு வொர்க்கருக்கு 768 என்றுதான் எழுதியிருக்கும். 4,096 ஆக்குங்கள், திறந்த ஃபைல் வரம்பையும் அதற்கேற்ப ஏற்றுங்கள்.

புது நிரலை ஏற்றிச் சர்வரை மறுதொடக்கம் செய்கிற கணத்தில் 1,500 போனும் ஒன்றாகத் திரும்பி வரும். எஸ்எஸ்இயில் 'எத்தனை மில்லிவிநாடி கழித்து மறுபடி வா' என்று சர்வரே சொல்ல வழி உண்டு. ஒவ்வொருவருக்கும் 1,000 முதல் 15,000 வரை ஏதோ ஒரு எண் கொடுங்கள். கூட்டம் பிரிந்து வரும். காலை 4 முதல் 9 வரை புது நிரலே ஏற்றாதீர்கள்.

பலர் தவறுகிற நுணுக்கம் ஒன்று. 'நான் கடைசியாகப் பார்த்தது 100, அதற்கு மேல் கொடு' என்று கேட்பது பாதுகாப்பானது போலத் தெரியும். அல்ல. வரிசை எண் டிரான்சாக்‌ஷன் நடக்கும்போதே கொடுக்கப்படுகிறது, ஆனால் வரி மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவது கமிட் ஆன, அதாவது எழுதி உறுதியான, பிறகு. 102 முதலில் கமிட் ஆகி, 103 வரை போன் வாங்கிய பிறகு, தாமதமாக 101 கமிட் ஆனால் அந்தப் பதிவு அந்தப் போனுக்கு எப்போதும் போகாது. நெரிசல் இல்லாத நாளில் சோதித்தால் இது தென்படவே தென்படாது, முகூர்த்த நாளில்தான் வெளிப்படும். தீர்வு: அனுப்பும் வரிசை எண்ணை, கமிட் ஆனதை எடுக்கும் ஒரே ஒரு வொர்க்கர் மட்டும் கொடுக்க வேண்டும். மறு இணைப்பின்போது அந்த எண்ணை வைத்துக் கேட்க வேண்டும்.

போஸ்ட்கிரஸே நிரலுக்குச் செய்தி சொல்லும் லிசன், நோட்டிஃபை பயன்படுத்தினால் உள்ளே எண்ணை மட்டும் அனுப்புங்கள். செய்தி 8,000 பைட்டுக்குள் இருக்க வேண்டும், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை டிரான்சாக்‌ஷன் முறையில் வைத்தால் லிசன் வேலை செய்யாது. அதற்கு மட்டும் நேரடி இணைப்பு கொடுங்கள்.


யானைமலை

கூடல்நகர் சொன்ன சர்வர் அமைப்பு சரி. ஆனால் இந்த வகைச் செயலி கவிழ்வது சர்வர் விழுந்து அல்ல, 'அந்த விலையை நம்பிப் பூவை ஏற்றினேன், அங்கே வேறு விலை' என்று பத்துப் பேர் சொல்வதில்தான். யார் சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார், யார் மறுத்தார், யார் நீக்கினார், ஏன் நீக்கினார் என்பதெல்லாம் டேட்டாபேஸில் தரவாக இருக்க வேண்டும். நிரலில் நிபந்தனைகளாகச் சிதறிக் கிடக்கக் கூடாது. இதையே உங்கள் அடித்தளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்ச டேபிள்கள்: உறுப்பினர், குழு, குழுவில் இருப்பு (பொறுப்பு, சேர்ந்த நாள், அழைத்தவர்), விலைப் பதிவு, வாக்கு, செயல். கடைசியில் இருக்கும் 'செயல்' டேபிள்தான் முதுகெலும்பு. செய்தவர், செய்தது, எதன் மீது, எந்தக் குழுவில், எப்போது, காரணம். அதில் சேர்க்கலாம், அழிக்கக் கூடாது. பதிவை மறைப்பது, மறைத்ததைத் திருப்புவது, ஒருவரை ஏழு நாள் நிறுத்தி வைப்பது, பொறுப்பு கொடுப்பது எல்லாம் இதில் ஒரு வரி. 'இப்போதைய நிலை' என்பது அந்த வரிகளிலிருந்து கணக்கிடப்படுவது. மாடரேட்டர் தவறு செய்தால் இன்னொரு வரி போட்டுத் திருப்பலாம், முன்பு என்ன நடந்தது என்பது அப்படியே நிற்கும். மேல்முறையீடு வந்தால் முதலில் முடிவெடுத்தவரைத் தவிர வேறொருவரிடம் போகும்படி வினவலிலேயே கட்டுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் அவர் பதிவை மட்டும் மற்றவர்களிடமிருந்து மறைக்கும் உத்தி இங்கே வேண்டாம். எல்லாரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு செயலியை யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி விலை. முதலில் எதைப் பதிகிறோம் என்பதைப் பிரியுங்கள். பாதிக் குழப்பம் பொய்யால் வருவதில்லை, ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் வருகிறது. கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. கமிஷன் கழிக்கும் முன் வேறு, கழித்த பின் கைக்கு வந்தது வேறு. மொட்டும் மலர்ந்ததும் ஒரே விலைக்குப் போகாது. திரையில் இவை தனித்தனிப் பொத்தானாக இருக்கட்டும். அலகு கிலோ மட்டும். 800-க்குப் பதில் 80 என்று தட்டினால் 'கிலோ 80 ரூபாயா?' என்று ஒரு முறை கேளுங்கள், ஆனால் மறுக்காதீர்கள்.

சேர்த்துக் காட்டும்போது சராசரி வேண்டாம், இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்) எடுங்கள். ஐந்து பேர் 800, 820, 810, 2,800, 830 என்று பதிந்தால் சராசரி 1,212. அந்த விலைக்கு அங்கே யாரும் விற்கவில்லை. இடைநிலை 820. ஒருவர் எவ்வளவு பெரிய எண்ணைப் போட்டாலும் இடைநிலையை ஓரளவுக்கு மேல் நகர்த்த முடியாது. சந்தை, பூ, தரம், 15 நிமிடம் என்று ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் ஒருவருக்கு ஒரு பதிவு. மாற்றினால் பழையது வரலாற்றில் போகட்டும். திரையில் வெறும் எண்ணைக் காட்டாமல் '820, ஐந்து பேர், 6:15' என்று காட்டுங்கள். ஒரே ஆள் சொன்ன விலை ஒரே ஆள் சொன்னதாகத் தெரிய வேண்டும்.

அடுத்தது போலிக் கணக்கு. ஒருவர் பத்து சிம் வைத்துப் பத்துப் பேராக வந்தால் இடைநிலையும் சாயும். அதற்குத்தான் 'அழைத்தவர்' என்ற கட்டம். உறுப்பினர் சேர்வது அழைப்பின் பேரில் மட்டும் என்று வைத்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு கிளை கிடைக்கிறது. ஒரு விலை 'உறுதி' ஆவதற்கு மூன்று பேர் வேண்டும், அவர்கள் குறைந்தது இரண்டு வெவ்வேறு கிளையில் இருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். பத்து சிம்மும் ஒரே கிளையில்தான் தொங்கும்.

ஒருவரின் பதிவு எவ்வளவு நம்பத்தக்கது என்று வரிசைப்படுத்தும்போது வெறும் விகிதம் எடுக்காதீர்கள். ஒரு வாக்கு, அதுவும் சரி என்றால் 100 விழுக்காடு. 100-ல் 90 சரி என்றால் 90 விழுக்காடு. முதலாமவர் மேலே வருவார், அது நியாயம் இல்லை. வில்சன் 1927-ல் கொடுத்த நம்பிக்கை இடைவெளியின் (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) கீழ் எல்லையை எடுங்கள்: 95 விழுக்காட்டு உறுதிக்கு முதலாமவருக்கு 0.21, இரண்டாமவருக்கு 0.83. ஒரு வரிச் சூத்திரம், வினவலிலேயே எழுதிவிடலாம்.


மல்லிக்கொடி

தெளிவாக இருக்கிறது, இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் உண்மையாகவே விலை இரண்டு மடங்கு ஏறும். மார்கழி, தையில் பனியால் வரத்துக் குறைந்து அதற்கு மேலும் போகும். முதலில் அதைப் பதிகிறவரை எல்லாரும் 'தப்பு' என்று அழுத்தினால், உண்மை சொன்னவருக்குத்தானே மதிப்பு குறையும்?


யானைமலை

ஆமாம், சரியான இடத்தைத் தொட்டீர்கள். நேற்றைய விலையோடு ஒப்பிட்டு மறுக்கும் எந்த விதியும் மல்லிக்கு ஆகாது. நேற்றைய விலையை வைத்து 'உறுதிதானா' என்று கேட்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாக்கு விஷயத்தில், வீட்டில் இருந்து 'தப்பு' என்று அழுத்துகிறவர் சந்தையைப் பார்க்கவில்லை, நேற்றைய நினைவைச் சொல்கிறார். எனவே அன்று, அந்தச் சந்தையில், அதே பூவுக்கு விலை பதிந்தவரின் வாக்கை மட்டும் எண்ணுங்கள். மற்றவர்களுக்கு 'தப்பு' பொத்தானே வேண்டாம், 'கேள்வி இருக்கிறது' என்று ஒன்று கொடுங்கள். அது விலையைத் தொடாது, பதிந்தவருக்குப் போகும். சந்தையில்தான் நிற்கிறாரா என்பதைப் போனின் ஜிபிஎஸ் வைத்துப் போனுக்குள்ளேயே பார்த்து 'ஆம், இல்லை' என்று மட்டும் சர்வருக்கு அனுப்பலாம். அதை ஏமாற்ற முடியும், ஆகவே துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடக் குறிப்பைச் சேமிக்காதீர்கள்.

திடீர் ஏற்றம் வந்தால் கட்டத்தின் நிலை 'உறுதியாகவில்லை'. இரண்டு கிளையிலிருந்து மூன்று பேர் ஆனதும் 'உறுதி'. இந்த இரண்டையும் தனி நிலையாக வைப்பது புதிதல்ல. கென்யாவில் 2008-ல் மக்கள் அனுப்பும் தகவலை வரைபடத்தில் காட்டும் உஷாஹிடி தொடங்கியபோதே வந்த தகவல் வேறு, சரிபார்த்த தகவல் வேறு என்று பிரித்தார்கள்.

மதிப்பெண்ணை உடனுக்குடன் ஏற்றி இறக்காதீர்கள். காலை 10 மணிக்குச் சந்தை ஓய்ந்த பிறகு, அன்றைய கட்டங்களின் இறுதி இடைநிலையோடு ஒவ்வொருவர் பதிவையும் ஒப்பிட்டு ஒரே முறை கணக்கிடுங்கள். முதலில் ஏற்றத்தைச் சொன்னவர் அப்போது சரியானவர் என்று வந்துவிடுவார். புள்ளியியலாளர்கள் டேவிட், ஸ்கீன் இருவரும் 1979-ல் சொன்ன முறையின் சாரமும் இதுதான்: உண்மையை ஊகித்து, அதைக்கொண்டு ஒவ்வொருவரின் பிழையை அளந்து, பிழையைக்கொண்டு மறுபடி உண்மையைத் திருத்துவது. அவர்கள் செய்தது வகைப்பாட்டுக்கு. விலைக்கு, பிழை குறைந்தவருக்குக் கூடுதல் எடை போட்ட இடைநிலை போதும். எடை 0.5-க்குக் கீழும் 2-க்கு மேலும் போகாமல் கட்டிவையுங்கள்.


தல்லாகுளம்

போன் எண்தான் உள்நுழைவு என்று எடுத்துக்கொள்கிறேன். இதில் மாட்டுகிற இடங்கள் தனி.

எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி டிஎல்டி தளத்தில் (நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்பப் பதிய வேண்டிய தளம்) நிறுவனமாகப் பதிந்து, அனுப்புநர் பெயரும் ஒவ்வொரு வாசகமும் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் வாங்கிய வாசகத்தில் ஒரு புள்ளி மாறினாலும் செய்தி போகாது, அனுப்பும் நிறுவனத்திடமிருந்து பிழை மட்டும் வரும். செயலி தயாராவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். சங்கத்தின் பெயரில் பதியுங்கள், நிரல் எழுதுபவர் பெயரில் வேண்டாம்.

தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறிகள்தான். அதற்கு மேல் போனால் துண்டுக்கு 67, ஒவ்வொரு துண்டுக்கும் காசு. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'உங்கள் நுழைவு எண் 482913. 5 நிமிடம் செல்லும்.' என்பது 45. ஆண்ட்ராய்டு தானாகப் படிக்க வேண்டும் என்றால் கடைசியில் 11 குறி கொண்ட அடையாளம் வேண்டும். மிச்சம் 14, அதற்குள் செயலியின் பெயர். சுருக்கமான பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

போனின் இணைய முகவரியான ஐபியை வைத்துக் கட்டுப்பாடு போடாதீர்கள். மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபிவி4 முகவரியைப் பல நூறு போனுக்குப் பகிர்ந்து தருகின்றன. 'ஒரு ஐபிக்கு மணிக்கு 10 ஓடிபி' என்று வைத்தால், விடியற்காலையில் ஒரு ஊரே வெளியே நிற்கும். போன் எண்ணுக்கு 15 நிமிடத்தில் 3, நாளுக்கு 10, ஒரு ஓடிபிக்கு 5 முயற்சி என்று போன் எண்ணை வைத்துக் கட்டுங்கள். மொத்தச் செலவுக்கு நாள் வரம்பும் வையுங்கள். யாரோ தானியங்கியாக ஓடிபி கேட்டுக்கொண்டே இருந்தால் காசு கரைவது உங்களுக்குத்தான். ஒரு முறை நுழைந்தவரை 180 நாள் வெளியேற்றாதீர்கள். காலை 4 மணிக்கு ஓடிபிக்குக் காத்திருக்க யாருக்கும் நேரம் இருக்காது.

மறந்துவிடுகிற பெரிய ஓட்டை: கைவிட்ட எண்ணை 90 நாள் கழித்து மொபைல் நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். அந்தப் புதியவர் ஓடிபி வாங்கி நுழைந்தால், பழையவரின் பெயர், மதிப்பெண், குழுப் பொறுப்பு எல்லாம் அவர் கைக்கு வந்துவிடும். 90 நாள் தொடாத கணக்கு புதிய போனிலிருந்து திறக்கப்பட்டால், ஓடிபி மட்டும் போதாது என்று வையுங்கள். அவரை அழைத்தவரோ குழுப் பொறுப்பாளரோ 'இவர் அவர்தான்' என்று உறுதி சொல்லும் வரை படிக்க மட்டும் முடியட்டும். டேட்டாபேஸில் உறுப்பினரின் அடையாளம் போன் எண்ணாக இருக்கக் கூடாது என்பதும் இதனால்தான். எண் என்பது உறுப்பினருக்கு இப்போது இருக்கும் ஒரு முகவரி, அவ்வளவே.

சட்டப் பக்கம்: 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் படிக்க உறுப்பினருக்கு வழி இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் செயலியில் தெரிய வேண்டும். சங்கத்தில் ஒருவரை இப்போதே அதற்குச் சொல்லி வையுங்கள். ஓர் உறுப்பினரின் எண் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது.


வைகை வடகரை

தேடல் பற்றி யாரும் சொல்லவில்லை. போஸ்ட்கிரஸ் 12 முதல் தமிழுக்கு ஸ்னோபால் ஸ்டெம்மர் (விகுதியை வெட்டி வேர்ச்சொல் எடுப்பது) உள்ளேயே இருக்கிறது. அதை நம்பி அப்படியே விட்டுவிடாதீர்கள். 'உசிலம்பட்டியிலிருந்து', 'மாட்டுத்தாவணிக்கு' போன்ற நிஜமான நூறு சொற்களை எடுத்து, என்ன வேர் வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஊர்ப் பெயர், பூப் பெயருக்கு ஸ்டெம்மரைவிட ஒரு மாற்றுப்பெயர் டேபிள் நன்றாக உழைக்கும்: மல்லி, மல்லிகை, குண்டுமல்லி ஒரு எண், பிச்சி, ஜாதிமல்லி ஒரு எண். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்கு அதே டேபிளில் நாலைந்து எழுத்துக்கூட்டு. நம் பக்கம் 'மல்லி' என்றால் கொத்தமல்லியும்தான். பேச்சுப் பகுதியில் தேடும்போது பூச் சந்தைக் குழுக்களுக்குள் மட்டும் தேடுவது நல்லது.

சேமிக்கும் முன் எல்லா உரையையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். 'பொ'வில் இருக்கும் ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரும், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வரும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. என்எஃப்சி அதைச் சேர்த்துவிடும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்போடு 'ள' எழுத்தையே தட்டுவார்கள், அதை என்எஃப்சி தொடாது. அதைத் தேடல் பக்கத்தில் மாற்றுப்பெயராகத்தான் சமாளிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான், பிரிப்பான் குறிகளைத் தேடல் இன்டெக்ஸில் கழித்துவிடுங்கள்.

அறிவிப்பு முன்னோட்டத்தை 'முதல் 40 குறி' என்று வெட்டாதீர்கள். 'மல்லி' மூன்று எழுத்து, ஐந்து குறி, 15 பைட். தவறான இடத்தில் வெட்டினால் புள்ளி போய் 'மல' என்று நிற்கும். அதை நினைத்துப் பாருங்கள், அறிவிப்பில் எப்படி இருக்கும். எழுத்துத் தொகுதி எல்லையில் வெட்டும் நூலகம் எல்லா மொழியிலும் இருக்கிறது. கெட்ட வார்த்தை வடிப்பானுக்கும் இதே கதி: சொல்லின் நடுத் துண்டைப் பொருத்தினால் நல்ல சொற்களும் மாட்டும். முழுச் சொல்லைப் பொருத்துங்கள், மாட்டியதை அழிக்காமல் மாடரேட்டர் வரிசைக்கு அனுப்புங்கள்.

ஊர்ப் பட்டியல் வரிசைக்கு ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் வரிசை விதி கொடுங்கள். யூனிகோட் எண் வரிசையில் 'ள', 'ழ' இரண்டும் 'வ'வுக்கு முன் வந்துவிடும், 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்தே நிற்கும். பட்டியலைப் பார்க்கிறவர் ஊரைக் காணோம் என்பார்.


கூடல்நகர்

யானைமலையோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். எடை போட்ட இடைநிலையை முதல் மூன்று மாதம் வைக்காதீர்கள். 'என் விலை ஏன் குறைவாக எண்ணப்படுகிறது?' என்று ஒரு விவசாயி கேட்டால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். ஆளுக்கு ஒன்று, நடுவில் இருப்பது விலை என்றால் யாருக்கும் புரியும். எடையைப் பின்னணியில் கணக்கிட்டுச் சேமியுங்கள், காட்ட வேண்டாம். இரண்டுக்கும் எத்தனை நாள் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். பெரும்பாலான நாளில் வித்தியாசமே இல்லை என்றால் எடை தேவையே இல்லை.

போன் பக்கத்தில் ஒன்று. சந்தைக்குள் நெரிசலில் நெட் அறுந்து அறுந்து வரும். பதிவு முதலில் போனில் சேமிக்கப்பட்டு, கிடைக்கும்போது போக வேண்டும். பதிவின் அடையாள எண்ணைப் போனிலேயே உருவாக்குங்கள், யுயுஐடி (ஒன்றோடொன்று மோதாத அடையாள எண்) 7-ம் பதிப்பு பொருந்தும். சர்வரில் அந்த எண்ணுக்கு யூனிக் இன்டெக்ஸ். பதில் வராமல் போன் மூன்று முறை அனுப்பினாலும் ஒரு பதிவுதான் நிற்கும். போனின் கடிகாரம் தவறாக இருக்கலாம், எனவே 'போன் சொன்ன நேரம்', 'சர்வர் வாங்கிய நேரம்' இரண்டையும் வையுங்கள். இரண்டுக்கும் 20 நிமிடத்துக்கு மேல் இடைவெளி என்றால் அந்தப் பதிவு வரலாற்றில் மட்டும் சேரட்டும், நேரடி விலையைத் தொடக் கூடாது. 5:30 விலை 7 மணிக்கு வந்து இடைநிலையைக் கீழே இழுப்பது இப்படித்தான் நடக்கும்.

குரல் பதிவு ஓப்பஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் 16 கேபிபிஎஸ், 30 விநாடி வரம்பு: 60 கேபி. படத்தைப் போனிலேயே நீள்பக்கம் 1,280 பிக்சலுக்குச் சுருக்கி, உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் குறிப்பை நீக்கி, ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு நேரடியாக ஏற்றுங்கள். உங்கள் சர்வர் வழியாகப் படம் போகக் கூடாது.

எந்த வரிசையில் கட்டுவது என்றால்: உள்நுழைவும் அழைப்பும், 'செயல்' டேபிள், விலைப் பதிவு, இடைநிலைத் திரை, மாடரேட்டர் திரை. இவ்வளவோடு ஒரு ஊர்க் குழுவில் 50 பேருக்குக் கொடுங்கள். எஸ்எஸ்இகூடப் பிறகு வரட்டும், 30 விநாடிக்கு ஒரு முறை போன் கேட்டாலே 50 பேருக்குப் போதும். பேச்சும் குரலும் அதற்குப் பிறகு. மாடரேட்டர் திரையைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். அது இல்லாமல் திறந்தால் முதல் சண்டையை டேட்டாபேஸில் கை வைத்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கும், அதற்கு எந்தப் பதிவும் மிஞ்சாது.

தினமும் இரவு முழு பேக்கப், பகலில் போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் வால் கோப்புகள் வேறு ஊரில் இருக்கும் ஸ்டோரேஜுக்கு. பிஜிபேக்ரெஸ்ட் என்ற கருவி இரண்டையும் செய்யும். மாதம் ஒரு முறை அதை வெற்றுச் சர்வரில் திருப்பி ஏற்றி, நேற்றைய பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தச் சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்பும் அசலும் ஒன்றாக இருக்கட்டும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28-ல் எழுத்து வரிசை விதிகள் மாறியதால், கோப்புகளை அப்படியே தூக்கி வைத்தவர்களின் உரை இன்டெக்ஸ்கள் கெட்டன. பதிப்பு மாறினால் ரீஇன்டெக்ஸ் செய்யாமல் திறக்காதீர்கள்.


மல்லிக்கொடி

அப்படியே 50 பேரோடு தொடங்குகிறோம். எடையைச் சேமிக்க மட்டும் செய்கிறோம். டிஎல்டி பதிவைச் சங்கத்தின் பெயரில் இந்த வாரமே போடச் சொல்லியாயிற்று. ஒன்று மட்டும் மிச்சம்: வியாபாரிகளும் உறுப்பினராகச் சேர்கிறார்கள். அவர்கள் பதிவையும் அதே இடைநிலையில் சேர்ப்பதா?


யானைமலை

சேர்க்காதீர்கள், விலக்கவும் செய்யாதீர்கள். குழுவில் இருப்பு டேபிளில் விவசாயி, வியாபாரி என்று ஒரு கட்டம். இரண்டு இடைநிலையும் அடுத்தடுத்து: 'விற்றவர்கள் சொன்னது 820, வாங்கியவர்கள் சொன்னது 790.' இடையில் இருக்கும் 30 ரூபாயில் பெரும்பகுதி கமிஷன் கணக்கா, தர வேறுபாடா என்பது ஒரு மாதப் பதிவில் தெரிந்துவிடும். பொறுப்பை மாற்ற வேண்டும் என்றால் குழுப் பொறுப்பாளர் வழியாக, 'செயல்' டேபிளில் ஒரு வரியோடு. பழைய பதிவுகள் பழைய பொறுப்பிலேயே நிற்கட்டும், பின்னோக்கி மாற்றாதீர்கள்.